கட்டத்துக்குள் அடங்காத பீமாயணம்



நினைவுச் சொற்பொழிவில் சித்திரக்கதை பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமையைச் சொல்லும் ‘பீமாயணம்’ என்ற சித்திரக்கதையை நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டுப் பழங்குடியினர்.

துர்காபாய் பள்ளிக்கூடம் போனவரல்ல. சுவரிலும் தரையிலும் இடும் ‘திக்னா’ கோலத்தைப் பாட்டியிடம் கற்றவர். சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் கொண்டுவந்த மரங்கள் பற்றிய நூலில் பஜ்ஜு ஷியாம், ராம்சிங் உர்வேதியுடன் சேர்ந்து வரைந்தார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது சித்திரக்கதை வழக்கம். அமர் சித்திரக் கதை 1979இல் அம்பேத்கரைச் சொன்னதும் அப்படித்தான். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க வியாம் இணையர் மறுத்தார்கள். அவர்கள் பக்கங்களில் திக்னா வளைந்து ஓடுகிறது. ரயில் பாம்பாகிறது. இதமான பேச்சு பறவை வடிவில் வருகிறது. சாதி நஞ்சு கக்கும் பேச்சுக்குத் தேள்கொடுக்கு முளைக்கிறது.

1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் பீமாராவுக்கு, மகார் என்று தெரிந்ததும் வண்டி ஓட்ட ஆளில்லை. வழியில் குடிக்கத் தண்ணீரில்லை. அது பழங்கதை என்று மூடிவைக்க நூல் விடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இருவர் இடஒதுக்கீடு பற்றி வாதாடுகிறார்கள். கயர்லாஞ்சி போன்ற வன்கொடுமைகள் நடுவே வருகின்றன.

கட்டத்தை மறுத்தது வெறும் அழகியல் அல்ல என்கிறேன். யார் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு கிழிப்பதுதான் சாதி. நம் ஊரைப் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் மதிலுக்குள் மதிலாக ஏழு சுற்று. எந்த வீதியில் யார் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்த தலித் கிறிஸ்தவரைக்கூட ஒரு சுவர் பிரித்தது.

இவற்றை நாம் துண்டறிக்கையில் எழுதியிருக்கிறோம், மேடையில் பேசியிருக்கிறோம். வரைந்தது குறைவு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் படம் போய்ச் சேரும்.

இன்னொன்றும் உண்டு. நம் தலைவரின் கதையை ஆதிவாசிகள் வரைந்தார்கள். காட்டையும் நிலத்தையும் பறிகொடுக்கும் அவர்களுக்காக நாம் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்? மாணவர்கள் தங்கள் தெருவை வரையத் தொடங்கட்டும். நம் அமைப்புகள் அந்தக் கேள்விக்குப் பதில் தேடட்டும்.

ஜெய் பீம்.