தீத்தடுப்புக் கதவும் இல்லறத்தார் கடமையும்

(நமது சங்கத்தின் புதுவை நகர மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் காண்பதற்குச் சிறிது, கருதுவதற்குப் பெரிது. அடுக்கு வீடுகளில் மாடிப்படி வாயிலிலும் வீட்டு முன்வாயிலிலும் அமைந்த தீத்தடுப்புக் கதவை நம் விருப்பிற்கேற்பத் திருத்தலாமோ, திருத்தின் எவ்வளவு திருத்தலாம் என்பதே அஃது.

நம் முன்னோர் இந்நகரில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உடைய வீடுகளில் வாழ்ந்தனர். ஆண்டுத் தீப்பற்றின் புகை முற்றத்தின் வழியே வானை நோக்கும்; மக்கள் தெருவில் இறங்குவர். இன்றோ நம்மவருட் பலர் மாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அவர்க்கு உயிர் தப்பும் வழி மாடிப்படியே. அப்படிக்கட்டு புகைபோக்கி போன்றது. கீழெழுந்த புகை விரைந்து மேலேறும். அதனைத் தடுத்து நிற்பதே இக்கதவின் தொழில். தப்பும் வழியிலுள்ள இத்தகைய கதவு 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்தது.

பலகை மட்டும் கதவன்று. நிலை, கீல், பூட்டு, தானே மூடும் கருவி, வெப்பம் பட்டவுடன் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை ஆகிய யாவும் ஒருங்கே சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றவை. ஒன்று பழுதுபடின் ஏனையவும் பயனிழக்கும்.

ஆதலின், செய்யத்தக்கன இவை. வண்ணம் பூசலாம், உப்பும் பட்டையின் மீதும் சான்றுத் தகட்டின் மீதும் வண்ணம் படலாகாது. தேய்ந்த கீலையும் கைப்பிடியையும் மாற்றலாம். மாற்றுவது சான்று பெற்ற உருப்படியாதல் வேண்டும். கதவு தரையில் உராயின், செய்தோர் வகுத்த அளவிற்குள்ளேயே இழைக்கலாம்.

செய்யத்தகாதன யாவை? குளிர்சாதனக் குழாய்க்கும் மின்கம்பிக்கும் துளையிடுதல். சாதாரணக் கண்ணாடி பதித்தல். காற்றோட்டம் கருதிக் கதவிற்குக் கல் முட்டுக் கொடுத்தல். தானே மூடும் கருவியைக் கழற்றியெறிதல். பழைய வீடு இடிபடுங்கால் வாங்கிய சித்திரத் தேக்குக் கதவை இதற்கு மாற்றாக நிறுத்துவோரும் உளர். தேக்கு அழகியது, உறுதியுடையது. ஆயினும் இப்பணிக்குச் சோதிக்கப்பட்டதன்று. அதனைப் பூசையறைக்கு வைத்தல் சாலச் சிறந்தது. திருடர்க்கு அஞ்சி இரும்புக் கம்பிக் கதவிடுவோர், உள்ளிருப்போர் திறவுகோலின்றித் திறக்குமாறு அமைத்துக்கொள்வாராக. இருளிலும் புகையிலும் திறவுகோல் தேடுதற்குப் பொழுதில்லை.

இவை வெற்றச்சம் அல்ல. 1997 சூன் 13-ஆம் நாள் தில்லி உப்ஹார் திரையரங்கத் தீயில் 59 பேர் மாண்டனர். மேல்மாடத்தில் மிகுதியாக இருக்கைகள் இட்டமையால் ஒரு பக்கத்து வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. 2017 சூன் 14-ஆம் நாள் இலண்டன் கிரென்பெல் மாளிகைத் தீயில் 72 பேர் மாண்டனர். அங்கே பல வீட்டுக் கதவுகளில் தானே மூடும் கருவி இல்லாமையும் பழுதுபட்டிருந்தமையும் விசாரணையில் வெளிப்பட்டன. மக்கள் விட்டோடிய வீட்டின் கதவு மூடாவிடின், புகை பிறர் தப்பும் வழியிற் புகும்.

இக்கதவு ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. மேல்மாடியில் உறங்கும் குழந்தைக்கும் உரியது. ஆகவே கைவைக்குமுன் குடியிருப்போர் சங்கத்தின் இசைவு பெறுக. ஐயம் தோன்றின் தீயணைப்புத் துறையாரையும் நகர அமைப்புக் குழுமத்தாரையும் வினவுக. செய்த மாற்றத்தையும் உருப்படிகளின் சான்றையும் எழுதிக் காத்து வைக்க. மாதம் ஒருமுறை கதவைத் திறந்து விடுக. தானே முற்றும் மூடித் தாழ்ப்பாளிற் பொருந்தின் நன்று. இன்றேல் அன்றே பழுது பார்க்க. தீ நேரின் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க.

திருமணத்திற்கும் கல்விக்கும் ஒன்றுகூடி உழைக்கும் நம் சங்கத்தார், உயிர்க்காப்பிலும் ஒன்றுபடுவாராக. நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாரமே தத்தம் மாடிப்படிக் கதவைச் சென்று காண்பாராயின், இச்சொற்பொழிவு தன் பயனை எய்தியதாகும்.