இரண்டு தொட்டில், ஒரு வீடு

(புனே கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனை மேடைக்குக் கூப்பிட்டால், வைப்புநிதி வட்டியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது பால், துணி, தூக்கம் ஆகிய மூன்றைப் பற்றி. சென்ற ஆண்டு எங்கள் பெண்ணுக்கு இதே ஊரில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. நானும் என் மனைவியும் நாக்பூரிலிருந்து வந்து முதல் ஆறு மாதம் அவர்களோடு இருந்தோம். இங்கே சொல்லப் போவதை எங்கள் பெண்ணின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "யாருக்காவது உபயோகப்படும் என்றால் எல்லாவற்றையும் சொல்லுங்கோ அப்பா" என்று அவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

என் பேச்சின் சாரம் இதுதான். இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டில் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சப் பத்துப் பேர் வருவார்கள். பெற்றவளைப் பார்த்துக் கொள்ளத்தான் ஆள் தேவைப்படும். அவளுடைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் வீட்டில் உள்ள மற்றவர்கள் பொறுப்பெடுத்துக் காப்பாற்றிவிட்டால், பாதி பாரம் இறங்கிவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். இரண்டு குழந்தை என்றால் 16 முதல் 24 தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி என்று வைத்தால் கூட எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்கப் பண்ணுவது எல்லாம் தனி. இதில் பெற்றவள் எப்போது தூங்குவாள்? எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் இந்தக் கணக்கை ஒருத்தியின் பெயரில் நேர் செய்ய முடியாது. வேலையைப் பங்கு போட்டே ஆக வேண்டும்.

எங்கள் பேத்திகள் 35-ஆவது வாரத்தில் பிறந்தவர்கள். இரட்டையர் விஷயத்தில் 37 வாரம் நிறையும் முன்பே பிறப்பது சகஜம். பெரியவள் 2 கிலோ 100 கிராம். சின்னவள் 1 கிலோ 600 கிராம். சின்னவளைப் பன்னிரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். அவளால் உறிஞ்சிக் குடிக்க முடியவில்லை. பெற்றவள் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, அதைப் பாலாடையால் துளித் துளியாகப் புகட்டினார்கள். நம் பாட்டிமார்களின் சங்கும் பாலாடையும் இன்றைக்கும் மருத்துவமனையில் மரியாதையோடு இருக்கின்றன என்பதைப் பார்த்து என் மனைவிக்குப் பரம சந்தோஷம்.

அங்கேதான் கங்காரு முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். குழந்தைக்கு அரைத்துணியும் குல்லாயும் மட்டும் போட்டு, பெரியவர்களின் வெறும் மார்பின் மேல் நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே போர்த்திவிடுவது. 1978-இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், போதுமான இன்குபேட்டர்கள் இல்லாத ஒரு மருத்துவமனையில் இது தொடங்கியது. எடை குறைந்த குழந்தைகளுக்கு நாள் ஒன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை இதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரை செய்தது. தாய்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. எங்கள் மாப்பிள்ளை பூணூலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மடிக்கணினியைத் தூர வைத்துவிட்டு, தினம் மூன்று மணி நேரம் சின்னவளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியவளுக்கு என் மார்பு. அந்த நேரத்தில் எங்கள் பெண் தூங்குவாள்.

வீட்டுக்கு வந்தபின் நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். அவரவர் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொள்ளலாம்.

ஒன்று, நோட்டுப் புத்தகம். இடது பக்கம் பெரியவள், வலது பக்கம் சின்னவள். பால் குடித்த நேரம், சிறுநீர், மலம், மருந்து எல்லாவற்றையும் குறித்தோம். நடுராத்திரியில் "சின்னவளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தாச்சா?" என்று யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. சின்னவளுக்கு எடை ஏறுவது மந்தமாக இருந்த வாரத்தில், மருத்துவர் முதலில் வாங்கிப் பார்த்தது இந்த நோட்டைத்தான்.

இரண்டு, ஒருத்தி பசித்து எழுந்தால் மற்றவளையும் எழுப்பிப் பால் கொடுப்பது. தூங்குகிற குழந்தையை எழுப்பலாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். எழுப்பாவிட்டால், ஒருத்தி முடிக்கும்போது மற்றவள் ஆரம்பிப்பாள். பெற்றவளுக்குக் கண்மூட நேரமே இருக்காது.

மூன்று, இரவு முறை. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என் மனைவி. ஒன்றிலிருந்து ஐந்து வரை மாப்பிள்ளையும் நானும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வாங்கித் தோளில் போட்டுத் தட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் முறைக்காரர் பொறுப்பு. இரவில் ஒரு வேளைக்கு மட்டும், முன்பே பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையால் நாங்களே கொடுத்துவிடுவோம். அதனால் எங்கள் பெண்ணுக்குச் சேர்ந்தாற்போல நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தது.

நான்கு, அடையாளம். இருவரும் ஒரே அச்சு. திருஷ்டிப் பொட்டு பெரியவளுக்கு வலது கன்னத்தில், சின்னவளுக்கு இடது கன்னத்தில். குளிப்பாட்டும்போது அழிந்துவிடாதா என்பீர்கள். ஒருத்தி குளித்துப் பொட்டு வைத்துக் கொண்ட பிறகுதான் மற்றவளுக்கு வெந்நீர்!

இனி, நம் சம்பிரதாயங்கள். இதில் என் மனைவியும் எங்கள் பெண்ணும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாய்க்கு பலம் தருவதையெல்லாம் வைத்துக் கொள்வது. குழந்தையின் வாய்க்குள், மூக்குக்குள், கண்ணுக்குள் போகிற எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்வதில்லை.

இப்படிப் பார்த்ததில் நிறையவே தங்கின. அங்காயப் பொடி, நெய் விட்ட பருப்பு சாதம், பாலில் வேகவைத்த பூண்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஸ்நானம், எல்லாம் நடந்தன. பத்து நாள் தீட்டு என்று வெளியாட்கள் வராமல் இருந்தது எடை குறைந்த குழந்தைகளுக்கு நல்ல பாதுகாப்பாக அமைந்தது. ஆனால் பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது, காய்கறி சேர்க்கக் கூடாது என்ற பத்தியத்தை விட்டுவிட்டோம். ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கே முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டு குழந்தைக்குப் பால் கொடுப்பவளை அரை வயிற்றில் வைக்கலாமா?

தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கிரைப் வாட்டர், கண் மை, சாம்பிராணிப் புகை இவற்றையும் விட்டோம். ஒரு வயது வரை தேன் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம். வாத்தியாரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கத்தை உதட்டில் தொட்டுக் காட்டுங்கோ, போதும்" என்று முடித்துவிட்டார். பெரியவர்களிடம் பக்குவமாகச் சொன்னால் கேட்கவே மாட்டார்கள் என்பது வீண் பயம்.

ஆச்சரியமான பொருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம் அன்னப்ராசனத்தை ஆறாம் மாதத்தில் செய்யச் சொல்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லி வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே "நாலு மாதத்திலேயே ஒரு வாய் சாதம் ஊட்டினால் என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சாஸ்திரத்தையே பதிலாகச் சொல்லலாம்.

அடுத்து, சற்றுக் கசப்பான விஷயம். புண்யாஹவாசனத்தன்று காப்பரிசி வாங்கிக்கொண்ட கையோடு, "ரெண்டும் பொண்ணா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். "பரவாயில்லை, அடுத்தது பிள்ளையாப் பிறக்கும்" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பழக்க தோஷம். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே படுத்திருப்பவள் இரண்டு உயிரைச் சுமந்து பெற்றவள். எங்கள் சம்பந்தி மாமி ஒருவரிடம் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "ஆமாம், ரெண்டும் பொண்ணு. ரெண்டும் நன்னாப் பால் குடிக்கறது. வேறென்ன வேணும்?" கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. தொட்டிலருகே நின்று பேசும் பேச்சுக்குச் சட்டம் கிடையாது. அதை நாம்தான் கவனித்துக் கொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சுகளும் தூக்கமின்மையும் சேர்ந்ததாலோ என்னவோ, ஐந்தாவது வாரம் எங்கள் பெண் மாறிப் போனாள். குழந்தைகள் தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சின்னவளைக் கையில் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக் கொள்வாள். "என்னால்தானே இவள் இவ்வளவு சின்னதாகப் பிறந்தாள்" என்று ஒருநாள் சொன்னாள். திருஷ்டி என்றார்கள் சிலர். அசதி என்றார்கள் சிலர். என் மனைவி எதுவும் பேசாமல், மறுநாளே அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. அதைக் கண்டறிவதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை 1987-இல் எடின்பரோவில் உருவாக்கினார்கள். அதைத்தான் எங்கள் பெண்ணுக்கும் கொடுத்தார்கள். பால் கொடுப்பதை நிறுத்தாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்து, வாரம் ஒரு முறை ஆலோசனை, இரவு முறையில் அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். மூன்றாம் மாத முடிவில் அவள் சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தாள். இப்படிப்பட்ட கஷ்டம் உங்கள் வீட்டில் தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். பெற்றவள் தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று சொன்னால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

காகித வேலைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தொழில் விடவில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். இருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ். பெயர் முடிவாகாவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தடுப்பூசியைப் பொறுத்தவரை, குறைமாதக் குழந்தை என்று தள்ளிப் போடாமல், பிறந்த தேதியிலிருந்தே 6, 10, 14 வாரங்களைக் கணக்கிட வேண்டும் என்றார் எங்கள் மருத்துவர். கழுத்து நிற்பது, குப்புறப் படுப்பது போன்றவற்றை மட்டும், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ண வேண்டுமாம். இது தெரியாமல் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டால் வீண் கவலைதான்.

2017-இல் வந்த சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. இரட்டை என்பதற்காக அதில் கூடுதல் நாள் இல்லை. தந்தைக்கு எதுவுமே இல்லை. எங்கள் மாப்பிள்ளை தம் சொந்த விடுப்பைச் சேர்த்து வைத்து ஐந்து வாரம் எடுத்தார். எடுக்க முடிந்தவர்கள் கூச்சப்படாமல் எடுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அந்தக் காலத்தில் அக்ரகாரத்தில் பிரசவம் என்றால், பக்கத்து அகத்து மாமி ரசமும் எதிர் அகத்துப் பாட்டி எண்ணெய்க் கிண்ணமுமாக வந்து நிற்பார்கள். இன்று நம் பிள்ளைகள் புனேயிலும் குர்கானிலும் ஹைதராபாதிலும் பத்தாவது மாடியில் இருக்கிறார்கள். சில வீடுகளில் இரு பக்கத்துப் பெற்றோருக்கும் வர உடம்பில் தெம்பில்லை. நம் சங்கத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் கிளை இருக்கிறது. கிளைதோறும் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோகக் கூடியவர்கள், தடுப்பூசிக்குத் துணைக்குப் போகக் கூடியவர்கள், பெற்றவள் தூங்குகிற இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடியவர்கள் என்று ஒரு பட்டியலை ஒவ்வொரு கிளையும் தயார் செய்தால் என்ன? போகிறவர்கள் சளி, ஜுரம் இல்லாமல் போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கேட்காத யோசனையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் தகுதி.

புனே கிளைப் பட்டியலில் முதல் பெயராக என் மனைவியின் பெயரையும் இரண்டாவதாக என் பெயரையும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். நாங்கள் இந்த ஊருக்கே குடிவந்துவிட்டோம். எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. ஆனால் இரண்டு குழந்தைகளை ஒரே சமயத்தில் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்கத் தெரியும். வேண்டியவர்கள் கூப்பிடுங்கள்.