மணிக்கட்டில் ஒரு கங்காணி



ஸ்மார்ட் கடிகாரம் மன அழுத்தத்தை நேரடியாக அறிவதில்லை. தோலின்மீது ஒளி பாய்ச்சி, இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட கால வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதனை ஊகிக்கிறது. துடிப்பு விரைந்தது படியேறியதாலா, மகிழ்ச்சியாலா, மேலாளரின் மிரட்டலாலா என்பது அதற்குத் தெரியாது. மூச்சை இழுத்துவிடுமாறு அறிவுறுத்தும்; வேலைச் சுமையைக் குறைக்கச் சொல்லாது. பணியிடம் தந்த துன்பம் தொழிலாளியின் தனிப்பட்ட குறையாக மாற்றப்படுகிறது.

நாகபுரியிலும் சண்டிகரிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்கள் ஏற்கெனவே பூட்டப்பட்டன. கால்களைக் கண்காணித்தவர்கள் நாளை உள்ளத்தைக் கண்காணிக்கத் தயங்குவார்களா?

பணியிடத்தில் உடற்குறிகளைக் கொண்டு உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவோ, வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஒப்புதலின்றியே தரவுகளைக் கையாள முதலாளிகளுக்கு வழிவகுக்கிறது.

இப்பிரிவு திருத்தப்பட வேண்டும். ஒப்புதல் மட்டும் போதாது. வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் இடப்படும் கையொப்பம் ஒப்புதலாகாது. பணியிடத்தில் உணர்ச்சிக் கண்காணிப்புக்கு முழுத் தடை வேண்டும். அதற்கான கோரிக்கை ஒவ்வொரு தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தை மேசையிலும் ஒலிக்கட்டும்!