ஒருவன் குற்றமும் குடும்பத்தின் கூரையும்



காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் பொந்துடைய பழைய பலாமரம் ஒன்றின் அடிப்பகுதி இன்றும் காக்கப்படுகிறது. பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் அதனுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. 1729-இல் அரியணை ஏறிய அவர், பின்னர் எட்டுவீட்டுப் பிள்ளைமாரை அடக்கினார். தலைவர்களைக் கொன்றதோடு தண்டனை நிற்கவில்லை. வீடுகளை இடித்து அவ்விடத்திற் குளம் தோண்டினர் என்றும், பெண்டிரையும் பிள்ளைகளையும் கடற்றுறை மக்களிடம் ஒப்படைத்தனர் என்றும் கூறுவர். சூழ்ச்சி செய்தவர் ஆடவர். கூரை இழந்தவர் குழந்தைகள்.

அது முடியாட்சிக் காலம். குடியாட்சியில் இவ்வழக்கம் ஒழிந்ததா? அண்மை ஆண்டுகளில் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களிற் குற்றம் சாட்டப்பட்டோர் சிலரின் வீடுகள், வழக்கு முடியுமுன்பே புல்டோசரால் இடிக்கப்பட்டன. அனுமதியின்றிக் கட்டியவை என அதிகாரிகள் காரணம் கூறினர்.

அமெரிக்காவில் இது சட்டமாகவே உள்ளது. அரசுக் குடியிருப்பில் வாழ்வோரின் உறவினரோ விருந்தினரோ போதைப் பொருட் குற்றம் புரிந்தால், குடியிருப்போரை வெளியேற்றலாம் என 1988-இல் விதி செய்தனர். பேரப்பிள்ளைகளின் செயலால் முதியோருக்கு வெளியேற்ற அறிவிப்பு வந்தது. அவர்கள் அக்குற்றத்தை அறியாதவராயினும் வெளியேற்றலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது.

நம் உச்ச நீதிமன்றம் வேறு வழி சென்றது. 2024 நவம்பர் 13 அன்று நீதியரசர்கள் கவாய், விசுவநாதன் ஆகியோர் அளித்த தீர்ப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவர் என்பதற்காக, ஏன், குற்றவாளி என்று தீர்ந்தவர் என்பதற்காகவும் வீட்டை இடித்தல் கூடாது என்றது. ஒருவருக்காகக் குடும்பம் முழுவதையும் தண்டிப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது. உறையுளுரிமை வாழ்வுரிமையின் பகுதி என்பது அதன் கருத்து.

"கண்டித்து வளர்த்திருந்தால் இந்நிலை வருமா? அண்டை வீட்டார்க்கு அமைதி வேண்டாவா?" என்று சிலர் கேட்பர். அமைதி வேண்டும்தான். குற்றவாளிக்குச் சிறை உண்டு. ஆனால், மகனைக் காட்டிக்கொடுத்தால் வீடு பறிபோகும் என்றஞ்சும் தாய், காவல் நிலையத்தின் படியேறுவாளா? இத்தண்டனை குற்றத்தை மறைக்கவே துணைசெய்யும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என நம் முன்னோர் நொந்துரைத்தது இதனையே.

அரசு தந்த வீடு அரசின் தயவு என்று எண்ணுவோரும் உளர். கேரளத்தில் 1972-இல் தொடங்கிய இலட்சம் வீடு திட்டம், ஏழைக்குக் கூரை வேண்டும் என்று எழுந்தது. அக்கூரையின் கீழ் வாழ்பவர் நன்னடத்தைக்குப் பிணையாக வைக்கப்பட்டவர் அல்லர்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்கள் இவற்றை நினைவிற் கொள்க. வீட்டை இடிக்குமுன் 15 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு வருதல் வேண்டும். அது பதிவு அஞ்சலில் அனுப்பப்பட்டு, வீட்டிலும் ஒட்டப்படுதல் வேண்டும். உரிமையாளரின் சொல்லைக் கேட்டல் வேண்டும். இறுதி ஆணைக்குப் பின்னும் 15 நாள் உண்டு. மீறிய அதிகாரி தம் கைப்பொருளால் ஈடு செய்ய நேரும். சாலை, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், நீர்நிலை ஆகிய இடங்களில் அனுமதியின்றி எழுந்தவற்றுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அத்தகைய இடங்களிற் குடியிருப்போர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

குற்றம் செய்தவனைச் சட்டம் தேடட்டும். அவன் தாயின் அடுப்பை அது அணைத்தல் ஆகாது.