அருகிவரும் குடிப்பெயர்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் மறையும் திசையில் பரந்து கிடக்கும் வயல்நாட்டைப் படுவான்கரை என்று அழைப்பர். வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது எழுவான்கரை. படுவான்கரையின் உட்பகுதியில், காட்டை அண்டி அமைந்திருக்கிறது உன்னிச்சைக் குளம். அதன் நீர் வயல்களை விளைவிக்கிறது. இன்று மட்டக்களப்பு நகர மக்களின் குடிநீருக்கும் அதுவே ஊற்றாக உள்ளது.

இக்குளத்து நீர் பாயும் ஊர்களுள் ஒன்றில், அயலூரிலிருந்து ஓர் இளைஞன் பெண் கேட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் தன் பெயரைச் சொல்கிறான். தந்தை பெயரையும் சொல்கிறான். திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு அது போதாது. “மனே, உங்கட குடி என்ன?” என்று அவள் கேட்பாள். அவன் சொல்லும் விடை அவன் தந்தையின் குடி அன்று, தாயின் குடி. அக்குடியும் பெண்ணின் குடியும் ஒன்றாக இருந்தால், பேச்சு அந்தத் திண்ணையிலேயே முடிந்துவிடும். ஒரே குடியிற் பிறந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தார் போன்றவர் என்பதே அந்நாட்டு முறைமை.

உலகின் பல நாடுகளில் இத்தகைய கேள்விக்கு விடை தருவது குடும்பப்பெயர். உருசிய நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒருவருக்கு மூன்று பெயர்கள் உண்டு: இடுபெயர், தந்தையின் பெயரால் அமைந்த பெயர், குடும்பப்பெயர். இவான் என்பவனின் வழியினர் இவானோவ் ஆயினர். குஸ்நெத்ஸ் என்றால் கொல்லன். கொல்லன் வழியினர் குஸ்நெத்ஸோவ் ஆயினர். ஊர்ப்பெயராலும், பட்டப்பெயராலும், கேலிப்பெயராலும் வந்த குடும்பப்பெயர்கள் எண்ணிறந்தன. பண்ணையடிமைகளாயிருந்த குடியானவர்களிற் பெரும்பாலோர்க்கு, 1861-ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னரே நிலையான குடும்பப்பெயர் பதிவேட்டில் ஏறியது. இவான் என்னும் பெயருடையோர் ஊர்தோறும் இருந்தமையால் இவானோவ் பெருகிற்று. ஒரேயொரு ஊரில், ஒரேயொரு மனிதனுக்கு வாய்த்த பட்டப்பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயரோ சில வீடுகளுக்குள் அடங்கிவிட்டது. ஒரு பெயர் அரிதாய் இருப்பதற்கு முதற் காரணம் அதன் பிறப்பிலேயே அமைந்து கிடக்கிறது.

ஈழத்துத் தமிழரிடையே மேனாட்டு முறையான குடும்பப்பெயர் வழக்கில் இல்லை. தந்தையின் பெயர் தலையெழுத்தாய் நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பாட்டன் பெயரைப் பேரன் பதிவேட்டிற் சுமப்பதில்லை. ஆயினும் மட்டக்களப்பு நாட்டில், தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் பெயர் ஒன்று உண்டு. அதுவே குடிப்பெயர். தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் அது செல்கிறது. ஆண்மகனும் தன் தாயின் குடியைச் சேர்ந்தவனே. எனினும் அவன் பிள்ளைகள் அவன் மனைவியின் குடியைச் சேர்ந்தவராவர். உருசியக் குடும்பப்பெயர் மகன் வழியே ஓடும் ஆறு என்றால், மட்டக்களப்புக் குடிப்பெயர் மகள் வழியே ஓடும் ஆறு எனலாம். இம்முறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அக்கடற்கரை முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் அக்குடிகளின் சார்பாக மரைக்கார் அமர்ந்து வந்தனர்.

இனி இப்பெயர்களின் பிறப்பைக் காண்போம். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கன் குடி, பொன்னாச்சி குடி, சிங்களக் குடி, கட்டப்பத்தன் குடி, கவுத்தன் குடி, அத்தியாயன் குடி, சங்கரப்பத்தன் குடி, பெத்தான் குடி என்று பலவும் வழங்கி வந்துள்ளன. இவற்றுட் சில தம் பொருளைத் தாமே கூறுகின்றன. படையாண்ட என்பதில் போர்த்தொழில் தெரிகிறது. பணிக்கன் என்பது, அந்நாட்டில் யானை பிடித்துப் பழக்குவோர்க்கு வழங்கிய பெயர். போடி என்பது வயலும் ஆளும் உடைய நிலக்கிழாரைக் குறிக்கும். பொன்னாச்சி என்பதில் நாச்சி என்னும் மதிப்புச் சொல் நிற்பதால், மூதாட்டி ஒருத்தியின் பெயர் அதனுள் இருப்பதாகக் கொள்ளலாம். சிங்களக் குடி என்பது, அயலினப் பெண் ஒருத்தி அந்நாட்டில் வாழ்க்கைப்பட்டு, அவள் வயிற்றில் ஒரு கொடிவழி கிளைத்ததை நினைவூட்டுகிறது. தொழில், பட்டம், ஆட்பெயர், இனம் என்று உருசியப் பெயர்களுக்கு அமைந்த வாயில்களே இவற்றுக்கும் வாயில்களாயின.

காலிங்கா என்ற பெயர் கலிங்க நாட்டை நினைவுக்குக் கொண்டுவரும். 1215-ஆம் ஆண்டில் பொலன்னறுவையைக் கைப்பற்றிய கலிங்க மாகனை மட்டக்களப்பு மரபு மாகோன் என்று போற்றும். குடிகளுக்கும் கோயில்களுக்கும் முறை வகுத்தவன் அவனே என்றும் சொல்லும். இம்மரபுகளை ஏடுகளிலிருந்து தொகுத்து, எவ். எக்ஸ். சி. நடராசா 1962-ஆம் ஆண்டில் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் நூலாகப் பதிப்பித்தார். இரண்டாண்டுகளின் பின், 1964-இல், வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது. ஆடகசவுந்தரி அரசாண்ட நகரை உன்னிச்சைப் பக்கத்தோடு இணைத்துச் சொல்லும் வழக்கும் அந்நாட்டில் உண்டு. இவை மரபுரைகள். மரபுரை ஒரு மக்கள் தம்மைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதற்குச் சான்று. நிகழ்ந்தது இன்னதே என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. குடிப்பெயரை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. பெயர் ஒலிக்கும் விதத்தை மட்டும் கொண்டு அரச மரபைத் தேடிச் செல்பவர், வழியிலேயே நின்றுவிட நேரும்.

குடிக்கு முன்னாளில் இருந்த வலிமை பெரிது. முக்குவச் சட்டம் எனப்பட்ட வழமைப்படி, முதுசச் சொத்து தாய்வழியே இறங்கிற்று. மாமனின் சொத்து மருமகனுக்குச் சென்றது. கிறித்தோபர் பிறிற்றோ இவ்வழமையை ஆங்கிலத்தில் தொகுத்து 1876-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவ்வழமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சட்டம் மாறிய பின்னரும் வழக்கம் முற்றாய் மாறவில்லை. வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே சென்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்கே குடிபோனான். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயம் போன்ற பழைய கோயில்களில், திருவிழா உபயமும் மரியாதையும் குடிவழியே பகிரப்பட்டன. கோயில் காரியம் பார்க்கும் வண்ணக்கரும் குடிவழியே தெரிவாயினர்.

மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்லும் இவ்வழக்கத்திலேதான், குடிப்பெயர்கள் எங்கே பெருகின, எங்கே அருகின என்பதற்கான விளக்கம் அடங்கியிருக்கிறது. பெண்கள் பிறந்த ஊரிலேயே வாழ்ந்தார்கள். ஆதலால் குடிப்பெயர் ஊரோடு வேரூன்றி நின்றது. ஓரூரில் தெருவுக்குத் தெரு கேட்கும் குடிப்பெயர், வாவிக்கு அக்கரையில் அரிதாய் இருக்கலாம். அக்கரைக்கு அதைக் கொண்டுசென்றவன், அங்கே பெண் கட்டிய ஆண்மகன். அவன் இருக்கும்வரை அக்குடி அவ்வூரில் இருக்கும். அவன் மறைந்தால் அதுவும் மறையும். மேனாட்டில், தனியனாய் வந்து குடியேறிய ஓர் ஆண் தன் குடும்பப்பெயரை அவ்வூரில் விதைத்துவிடுகிறான். மட்டக்களப்பில் அவ்வாறு விதைக்க வல்லவள் பெண்ணே. குளங்களைத் திருத்தி, காடு வெட்டிக் குடியேறிய ஊர்களில் எக்குடி நிலைத்தது என்று அறிய விரும்புவோர், முதலில் வந்த ஆண்கள் யார் என்று கேட்பதைவிட, அவர்களோடு வந்த பெண்கள் யார் என்று கேட்பதே பொருத்தமாகும்.

அருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கணக்கினால் விளங்குவது. இங்கிலாந்தில் பெருமை பெற்ற குடும்பங்களின் பெயர்கள் பல மறைந்துபோவதைக் கண்ட பிரான்சிசு கால்டன், அதற்குக் காரணம் என்ன என்று 1873-ஆம் ஆண்டில் ஒரு கணித வினாவை எழுப்பினார். சமயகுருவும் கணித அறிஞருமாகிய வாட்சன் அதற்கு விடை காண முயன்றார். பெருமையுடைய குடும்பங்கள் சீர்கெடுவதனாலேதான் பெயர் அழிகிறது என்று பலர் நம்பிய காலம் அது. அவர்கள் இருவரும் காட்டிய வழியோ வேறு. எவரிடத்தும் குறை இல்லாதபோதும், தற்செயல் ஒன்றினாலேயே பெயர்கள் அழியக்கூடும் என்பது அதனால் தெளிவாயிற்று.

அக்கணக்கை மட்டக்களப்புக் குடிக்குப் பொருத்திப் பார்க்கலாம். நூறு தாய்மார் இருக்கின்றனர். நூறு பேரும் நூறு வெவ்வேறு குடியினர். ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகள். ஆணோ பெண்ணோ பிறப்பதற்கு வாய்ப்புச் சமம். பிறக்கும் பெண்கள் யாவரும் வளர்ந்து, அவ்வாறே இரண்டு பிள்ளைகளைப் பெறுகின்றனர் என்க. இரண்டும் ஆணாய்ப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் தலைமுறையிலேயே ஏறத்தாழ 25 குடிகளில் பெண்வழி அற்றுப்போம். இரண்டாம் தலைமுறை முடிவில் 39 குடிகளும், மூன்றாம் தலைமுறை முடிவில் 48 குடிகளும் மறைந்திருக்கும். ஐந்தாம் தலைமுறை முடிவில் மறைந்தவை 60. பெண்களின் மொத்தத் தொகையோ சராசரியாக நூறாகவே நிற்கும். அந்த நூறு பெண்களும் எஞ்சிய 40 குடிகளுக்குள் அடங்குவர். சில குடிகள் பெருத்துத் தோன்றும். சில ஒரு பேத்தியின் கையில் ஊசலாடும்.

இக்கணக்கு ஒரு பழைய எண்ணத்தையும் அசைத்துவிடுகிறது. ஊரில் பெருகிய குடி உயர்ந்தது என்றும், அருகிய குடி எங்கிருந்தோ வந்து ஒட்டியது என்றும் பேசுவோர் உளர். கோயில் மரியாதைப் பூசல்களில் இப்பேச்சு எழுவதுண்டு. மேலே கண்ட நூறு தாய்மாரும் ஒரே நாளில், ஒரே தகுதியோடு தொடங்கினவர். அவர்களுள் எவளுக்கும் மற்றவளைவிட நற்பேறோ தவமோ மிகுதியாய் இருந்ததில்லை. இரண்டு பிள்ளைகளும் ஆணாய்ப் பிறந்ததே ஒருத்தியின் குடி மறையப் போதுமாயிற்று. ஆகவே ஒரு குடியின் தொகையைக் கொண்டு அதன் தகுதியை அளத்தல் இயலாது.

அவ்வாறாயின், இன்று எக்குடியில் எத்தனைபேர் உளர்? உருசியரின் குடும்பப்பெயரைப் பதிவேடுகளிலிருந்து எண்ணிவிடலாம். மட்டக்களப்புக் குடியை அவ்வாறு எண்ண வழியில்லை. குடிமதிப்பு எடுப்போர் இனத்தையும் சமயத்தையும் கேட்பர், குடியைக் கேட்பதில்லை. பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் அதற்கு இடமில்லை. கோயில் உபய ஒழுங்கும், மணப்பேச்சில் எழும் வினாவும், முதியோரின் நினைவும் ஆகிய இம்மூன்றுமே அதன் பதிவேடுகள்.

இம்மூன்றும் தளர்ந்துவருகின்றன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் படுவான்கரை மக்கள் பலமுறை ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். 2007-ஆம் ஆண்டின் முற்பகுதியில் உன்னிச்சை, கரடியனாறு, கொக்கட்டிச்சோலைப் பக்கங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் வாவியைக் கடந்து முகாம்களில் தங்கினர். அதற்கு முன்பே, 2004-ஆம் ஆண்டு மார்கழி 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எழுவான்கரைக் கிராமங்களை அழித்திருந்தது. மீண்டுவந்தோர் வீட்டையும் வயலையும் திருத்திக்கொண்டனர். திண்ணையில் இருந்து குடி கேட்ட மூதாட்டியரிற் பலர் மீண்டு வரவில்லை. கடல்கடந்த நாடுகளுக்குச் சென்றோரின் பிள்ளைகளுக்கோ தந்தையின் பெயரே குடும்பப்பெயராகப் பதிவாகிவிட்டது. தாயின் குடி அவர்களின் ஏடுகளில் எங்கும் இல்லை.

பெருகிய குடிகளைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. ஒருவர் மறந்தால் ஒன்பதுபேர் நினைவூட்டுவர். ஒரு வீட்டில், ஒரு மூதாட்டியிடம் மட்டும் எஞ்சி நிற்கும் குடிப்பெயரின் நிலை வேறு. அவளுக்குப் பெண்மக்கள் இல்லையேல், அப்பெயரின் ஓட்டம் அவளோடு நின்றுவிடும். அதைத் தடுக்க எவராலும் ஆகாது. ஆனால் அப்பெயர் இருந்தது என்னும் செய்தியையும் அவளோடு போகவிடுவதும், எழுதிவைப்பதும் மக்களின் கையில் உள்ளன.

செய்யவேண்டிய வேலையும் கடினமானதன்று. பள்ளி மாணவர் ஒருவர், தாயின் பெயர், அவள் தாயின் பெயர், அவளைப் பெற்றவளின் பெயர் என்று எட்டும் வரை கேட்டு, ஒவ்வொருத்தியும் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதிக்கொண்டால் போதும். ஊர் நூலகத்தில் அத்தகைய ஏடுகள் நூறு சேர்ந்தால், எக்குடி எவ்வூரில் வேரூன்றியது, எது எங்கிருந்து எங்கே நகர்ந்தது, எது மறைந்தது என்பது தெளிவாகும். உயர்வு தாழ்வு பேசுவதற்காக அன்றி, வரலாற்றுக்காக எழுதப்படும் ஏடாக அது இருத்தல் வேண்டும். அரசர் பெயரையும் போர்களின் ஆண்டையும் காக்கக் கல்வெட்டுகள் உள்ளன. காடு வெட்டிக் களனி ஆக்கிய பெண்களின் பெயரைக் காக்க, அவர்களின் பேத்திமார் இன்று எழுதப்போகும் ஏட்டைத் தவிர வேறு கல்வெட்டு இல்லை.