இரண்டு வரிக்காரரும் மூன்று வரிக்காரரும்

 

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, பலவிதமான மனிதர்களோடு பழகுங்கள் என்று பெங்களூர் காக்ஸ் டவுன்காரர்களுக்கு வந்து பாடம் நடத்துவது வீண் வேலை. ஒரே தெருவில் தமிழ், கன்னடம், உருது, மலையாளம், ஆங்கிலம் எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். 1809-ல் வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் கன்டோன்மென்ட் அமைத்தபோது சிப்பாய்களும் வணிகர்களும் கூலியாட்களுமாக வந்து குடியேறியவர்கள் சேர்த்துவைத்த சொத்து அது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது வேறு, ஒருவரையொருவர் மதிப்பது வேறு. இதை நாம் அல்சூர் ஏரிக்கரையில் கற்றுக்கொள்ளப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

1991-ல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் அங்கே திருவள்ளுவர் சிலை நிறுவப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் திறப்பு விழா நடக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதையொட்டி டிசம்பரில் இங்கே கலவரம் வெடித்தது. தமிழர்கள் பலர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். அதன்பின் சிலையைப் பற்றிப் பேசவே தயங்கினார்கள். இன்று ஒரு சிலைக்கு இடம் கொடுத்தால் நாளை ஊரே கைவிட்டுப் போகும் என்ற பயம் ஒரு பக்கம். சிலையைத் திறக்காவிட்டால் நம் மானம் என்னாவது என்ற கொதிப்பு மறுபக்கம். அறம் பாடிய புலவரை வைத்து, ஊர் யாருடையது என்று இருதரப்பும் வழக்காடிக்கொண்டிருந்தன. புலவரோ மூடிய நிலையிலேயே நின்றார்.

முடிச்சு 2009-ல் அவிழ்ந்தது. ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி இங்கே வள்ளுவர் சிலையைத் திறந்தார். நான்கே நாளில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை கர்நாடக முதல்வர் எடியூரப்பா திறந்தார். இரண்டு வரியில் சொன்னவருக்கு இங்கே இடம், மூன்று வரியில் சொன்னவருக்கு அங்கே இடம். தோற்றுவிட்டோம் என்று எந்தத் தரப்பும் சொல்ல இடமில்லாத ஏற்பாடு. இதிலே ஓட்டுக் கணக்கு இருக்கிறது என்று அப்போதே முணுமுணுத்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே! கணக்குப் போட்டுச் செய்தாலும் நல்ல ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

அதற்காக எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். 2016 செப்டம்பரில் இதே நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள். சிலைகள் தண்ணீரைப் பங்கிட்டுத் தராது. அதற்கு மனிதர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்படிப் பேசியவர்களும் உண்டு. 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முன்னின்று, இரு மாநில விவசாயிகளையும் கூட்டி ‘காவிரிக் குடும்பம்’ என்ற அமைப்பை உருவாக்கினார். தமிழ்நாட்டு டெல்டா விவசாயிகள் கர்நாடகத்தின் மண்டியா பக்கம் போய்ப் பார்த்தார்கள். கர்நாடக விவசாயிகள் டெல்டாவுக்கு வந்தார்கள். குறுவைக்கு ஜூனில் தண்ணீர் வராவிட்டால் கடைமடையில் என்ன நடக்கும் என்பதைக் கர்நாடகத்தாரும், மழை பொய்த்த ஆண்டில் ஆற்றின் மேல்பக்கத்தில் கரும்பும் நெல்லும் என்ன பாடுபடும் என்பதை டெல்டாக்காரர்களும் நேரில் கண்டார்கள். அரசுகள் ஏற்கும் பங்கீட்டுத் திட்டம் எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம்தான் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடித்துவைத்தது. ஆகவே அது தோல்வி என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிராளியின் வயலை ஒருமுறை மிதித்தவனால், அடுத்த பஞ்சத்தில் அவனைத் திருடன் என்று அவ்வளவு லேசில் சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் முறை. இங்கேயே வேலை பார்க்கப் போகிறவர்கள், ‘கன்னட கொத்தில்லா’ (கன்னடம் தெரியாது) என்று சொல்லியே காலத்தை ஓட்டாதீர்கள். பயந்துகொண்டு கற்க வேண்டாம். குடியிருக்கும் ஊருக்குச் செய்யும் மரியாதையாகக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சோதனை இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே நீங்கள்தான் பெரும்பான்மை. பெங்களூரில் மரியாதை கேட்கும் நாம், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பையனை ‘வடக்கன்’ என்று அழைக்கிறோம். இரண்டும் ஒரே வாயில் வரக்கூடாது.

உங்களில் பலர் சில ஆண்டுகளில் பத்துப் பேருக்குத் தலைமை ஏற்பீர்கள். அந்தப் பத்தில் ஒருவருக்குப் புரியாத மொழியில் கூட்டம் நடத்தாதீர்கள். அவருடைய பண்டிகைக்கும் விடுப்பு கொடுங்கள். அவர் மறுத்துப் பேசினால் கடைசிவரை கேளுங்கள்.