தரமும் அகத் தணிக்கையும்

பிரஷர் குக்கரின் பாதுகாப்பு வால்வு உரிய நேரத்தில் இயங்காவிடில், அதன் விளைவுக்கு ஆளாகிறவர் அதைச் செய்த ஆலையில் இருப்பவர் அல்லர், அடுப்படியில் நிற்பவரே. தரம் வெறும் விளம்பரச் சொல் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியத் தர நிறுவனம் 1947-இல் தோன்றியது. சான்று முத்திரைச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. அப்பணிகளை 1987 ஏப்ரலில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது. வீட்டு உபயோகப் பிரஷர் குக்கர்களுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2020-இல் பிறப்பிக்கப்பட்டது.

ஆயினும், முத்திரை தானாகத் தரத்தை உண்டாக்கிவிடாது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஆண்டில் சில நாட்களே ஆலையில் இருப்பார். எஞ்சிய நாட்களில் நிர்வாகத்தின் கண்ணாக விளங்குவது அகத் தணிக்கை.

இறுதிச் சோதனை பொருளைப் பார்க்கிறது. தணிக்கையோ அதை உருவாக்கும் முறையைப் பார்க்கிறது. அழுத்தமானி ஒன்று குறித்த தவணையில் சரிபார்க்கப்படவில்லை என்று தெரியவந்தால், அதை மாற்றுவதோடு பணி முடிவதில்லை. தவணை ஏன் தவறியது, அம்மானியால் தேறிய பொருள்கள் எவை, அவை எங்குச் சென்றன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும். தம் வேலையைத் தாமே தணிக்கை செய்பவர் இவ்வினாக்களை எழுப்பத் தயங்குவார். எனவேதான் ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை, தணிக்கை நடுநிலையுடன் நடைபெற வேண்டும் என்கிறது.

தணிக்கைக்குப் பெருந்தடை அச்சமே. குறையைச் சொன்ன தொழிலாளிக்குத் தண்டனை கிடைக்குமாயின், அடுத்த குறை பதிவேட்டில் ஏறாது. வாங்கியவர் வீட்டில்தான் வெளிப்படும்.